பெடல் அமுங்கினால் குற்றம் பேடில் இல்லை

கேள்வி: காரில் ஸ்லாட் வெட்டிய பிரேக் டிஸ்க்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் பெர்ஃபார்மன்ஸ் பேடும் போட்டிருக்கிறேன். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. ஒரு மணி நேரம் நிறுத்தியதும் சரியானது. பேடை மாற்ற வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். பேட் சூடேறிப் பிடி இழந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. உங்களுக்குப் பெடலே உள்ளே போயிருக்கிறது. பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆறியபின் பெடல் கெட்டியானதை நம்பி மறுபடி மலையேறிவிடாதீர்கள். காரணம் உள்ளேயேதான் இருக்கிறது.

அந்தக் காரணம் தண்ணீர். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட. டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155தான். டாட் 5.1க்கு 260, 180. நல்ல பேட் கூடுதல் சூட்டைத் தாங்கும், ஆனால் அந்தச் சூடு பேடை அழுத்தும் காலிபர் வழியாக ஆயிலுக்கும் போகும். பேடுக்குச் செலவழித்துவிட்டு ஆயிலை மறப்பதுதான் நம் ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு.

சீல் பிரிக்காத டாட் 4 அல்லது 5.1 ஒரு லிட்டர் வாங்குங்கள். வெறும் டாட் 5 சிலிக்கான் வகை. பழைய ஆயிலோடு சேராது, தொடவே வேண்டாம். பானெட்டுக்கு அடியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சிப் புதியதை ஊற்றுங்கள். காலிபரில் ஆயிலை வெளியேற்றும் திருகான நிப்பிளில் தெளிந்த டியூபை மாட்டி மறுமுனையைப் பாட்டிலில் விடுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து மூடுங்கள்; மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். புது நிறம் குமிழில்லாமல் வரும்வரை இதே வேலை. எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். பழைய வண்டியென்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் என்றும் போகாத துருப் பகுதிக்குப் போய்க் கிழியும். டப்பா காலியாகிக் காற்று புகுந்தால் ஏபிஎஸ் வண்டிகளில் ஸ்கேனர் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு வைக்காதீர்கள். மலைக்குப் போகிற வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே சரி. இறக்கத்தில் இரண்டாம் கியரில் இன்ஜினே வேகத்தைப் பிடிக்கட்டும்.

கேள்வி: கார் இங்கே வீட்டில் மாதக்கணக்காக நிற்கும். திருவிழாவுக்கு வந்து எடுத்தால் கரகரவென்று சத்தம்.
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: டிஸ்க் வார்ப்பிரும்பு, மேல்துரு பிடிக்கும். மெதுவாக நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கப் பேடைப் பாருங்கள். வெளிப்பேடைவிட அது அதிகம் தேய்ந்திருந்தால் காலிபர் நகர்வதற்கான ஆணி (பின்) செம்மண் தூசியில் இறுகியிருக்கும், அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் பின்வாங்காமல் இருக்கும். பின்னைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது ஹேண்ட்பிரேக் போட்டு விடாதீர்கள், பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும்.

கேள்வி: புதுப் பேடைப் பழக்குவது எப்படி? ரேஸ் பேட் போடலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: அதிகாலையில், பின்னால் வண்டி வராத நேர்சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை ஓரளவு அழுத்திப் பிடியுங்கள். முழுதாக நிறுத்தாமல் எட்டிலிருந்து பத்து முறை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு பெடலை மிதித்துக்கொண்டு நின்றால் பேடின் பொருள் ஒரே இடத்தில் படிந்து, பிறகு ஸ்டியரிங் அதிரும். ரேஸ் பேட் வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது அதற்குப் பிடி குறைவு. கடைவீதியில் குறுக்கே வரும் குழந்தைக்கு நிற்க வேண்டியது அந்த முதல் மிதியில்தான்.