வேப்பிலைச் சாற்றுக்கு ஆம்பிசிலினைவிடப் பெரிய வளையம் வந்தால், வேம்புதான் வலிமையானதா?

நீங்கள் சொன்ன விவரம்: ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவை அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) பிளேட்டில் பரப்பி, அதில் குழி வெட்டி, மி.லி.க்கு 100 மி.கி. வீதம் கரைத்த வேப்பிலை எத்தனால் சாற்றை 100 மைக்ரோலிட்டர் விட்டீர்கள். குழியைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் 18 மி.மீ. அதே பிளேட்டில் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் 10 மைக்ரோகிராம் ஊறிய டிஸ்க்குக்கு (காகித வில்லை) 16 மி.மீ. 'வேம்பு ஆம்பிசிலினைவிடச் சிறந்தது' என்று எம்.எஸ்சி. புராஜெக்டில் எழுதலாமா என்பது கேள்வி.

எழுதாதீர்கள். குழிக்குள் போனது 10 மி.கி., அதாவது 10,000 மைக்ரோகிராம். டிஸ்க்கில் இருந்தது வெறும் 10. ஆயிரம் மடங்கு அதிகம் கொடுத்துவிட்டு 2 மி.மீ. முந்தியதை வெற்றி என்று சொல்ல முடியாது. நம் ஊர்க் கல்லூரி புராஜெக்டுகளில் இந்த ஒப்பீடு திரும்பத் திரும்ப வருகிறது; வைவாவில் விவரம் தெரிந்தவர் இருந்தால் முதல் கேள்வியே இதுதான்.

சரி, இரண்டிலும் ஒரே எடை வைத்தால் ஒப்பிடலாமா? அதுவும் முடியாது. வளையத்தின் அளவு மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. அந்த மூலக்கூறு அகாருக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது. அதனால்தான் அதற்கு டிஸ்க் முறையையே ஏற்பதில்லை, பிராத்தில்தான் (கிருமி வளர்க்கும் திரவம்) சோதிக்கிறார்கள். வேப்பெண்ணெய் போன்ற நீரில் கரையாத சரக்கு குழியின் விளிம்பிலேயே தங்கிவிடும். வளையம் இல்லை என்பதால் செயல் இல்லை என்று ஆகாது.

மருத்துவமனை லேபில் கூட 'பெரிய வளையம் நல்ல மருந்து' என்று படிப்பதில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் தனி எல்லை உண்டு. இந்தச் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் அட்டவணைப்படி ஈ. கோலைக்கு ஆம்பிசிலின் 17 மி.மீ.யும் அதற்கு மேலும் என்றால் சென்சிடிவ். சிப்ரோஃப்ளாக்சசின் 21 மி.மீ.யும் அதற்குக் கீழும் என்றால் ரெசிஸ்டன்ட். ஆக, ஒரே 18 மி.மீ. ஒன்றுக்குப் பாஸ், இன்னொன்றுக்கு ஃபெயில். வேப்பிலைச் சாற்றுக்கு அப்படி ஓர் எல்லையே கிடையாது. எனவே 'சென்சிடிவ்' என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்தவே கூடாது.

இருந்தாலும் குழி முறைக்கு ஒரு பயன் உண்டு. பத்து இருபது சாறுகளில் எதைத் தொடரலாம் என்று வடிகட்ட அது போதும், பிளேட் ஒழுங்காக இருந்தால். முல்லர் ஹின்டன் அகார் 4 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும், 90 மி.மீ. பிளேட்டுக்கு ஏறத்தாழ 25 மி.லி. மீடியாவை மிச்சம் பிடிக்க 15 மி.லி. ஊற்றினால் எல்லா வளையமும் வீங்கித் தெரியும். பி.எச். 7.2 முதல் 7.4. கல்ச்சரை மக்ஃபார்லண்ட் 0.5 என்ற தர அளவுக் கலங்கலுக்குக் கொண்டுவாருங்கள் (625 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13), கண்ணால் 'கொஞ்சம் கலங்கலாக' என்று விட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு வளையம் வரும். ஸ்வாபை டியூபின் உள்சுவரில் அழுத்திப் பிழிந்து, பிளேட்டை 60 டிகிரி திருப்பித் திருப்பி மூன்று திசையில் பூசுங்கள். பூசிய 15 நிமிடத்துக்குள் டிஸ்க், சாறு இரண்டும் வைத்தாக வேண்டும். 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்.

குழி வெட்டும்போது அகார் கொஞ்சம் தூக்கிக்கொண்டால் சாறு அடியில் கசிந்து, வளையம் கோணல்மாணலாக வரும். குழியின் அடியில் ஒரு சொட்டு உருகிய அகார் விட்டு அடைத்துவிடுங்கள். டிஸ்க் குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் ஆம்பிசிலின் சிதையும், உங்கள் வேம்பு சும்மாவே ஜெயிக்கும். டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஏ.டி.சி.சி. 25922 என்ற தரப்படுத்திய ஈ. கோலை ஸ்ட்ரெய்னை வையுங்கள்: ஆம்பிசிலினுக்கு 15 முதல் 22 மி.மீ.க்குள் வர வேண்டும்.

அடுத்து, 18 மி.மீ. வளையம் வேம்பினால்தான் வந்ததா? எத்தனால் முழுதும் ஆவியாகாமல் குழிக்குள் போனால் அதுவே கிருமியைத் தடுக்கும். வெறும் எத்தனாலுக்கு ஒரு குழி, பக்கத்திலேயே. நெல்லிக்காய், எலுமிச்சை, புளி செய்பவர்கள் பி.எச். பார்க்க வேண்டும், புளிப்பே வளையம் போடும். சாற்றை 7க்கு நடுநிலையாக்கி இன்னொரு குழியில் வையுங்கள். வளையம் மறைந்தால் நீங்கள் கண்டுபிடித்தது அமிலத்தை.

ஒப்பீடு வேண்டும் என்றால் எம்.ஐ.சி. பாருங்கள், அதாவது வளர்ச்சியைக் கண்ணுக்குத் தெரியாமல் நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு. 96 குழி பிளேட் ஒன்று போதும். எத்தனாலை 40 டிகிரியில் ரோட்டரி எவாப்பரேட்டரில் முழுக்க நீக்கி, வற்றிய சாறு 100 மி.கி.யை 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரையுங்கள். செல்லுலோஸ் அசிடேட் ஃபில்டரில் இதை வடிக்காதீர்கள், ஃபில்டரே கரைந்துவிடும். கரைசலை கேட்டயான் (கால்சியம், மக்னீசியம் அயனி) சரிசெய்த முல்லர் ஹின்டன் பிராத்தில் 50 மடங்கு நீர்க்கச் செய்தால் மி.லி.க்கு 2,000 மைக்ரோகிராம். வீழ்படிவு விழுந்தால் அங்கேயே நிறுத்தி, குறைந்த செறிவில் தொடங்குங்கள்; கலங்கலை வளர்ச்சி என்று படித்துவிடுவீர்கள்.

ஒரு வரிசையின் முதல் குழியில் இந்த நீர்த்த சாறு 200 மைக்ரோலிட்டர், 2 முதல் 10 வரை 100 மைக்ரோலிட்டர் பிராத். முதலிலிருந்து 100 எடுத்து இரண்டில் கலக்கி, அப்படியே பத்து வரை போய், கடைசி 100ஐக் கொட்டிவிடுங்கள். மக்ஃபார்லண்ட் 0.5 கல்ச்சரை 100 மடங்கு நீர்த்து, பத்துக் குழிகளிலும் 100 மைக்ரோலிட்டர். இப்போது செறிவு 1,000இல் தொடங்கிப் பாதி பாதியாக ஏறத்தாழ 2 வரை இறங்கியிருக்கும், முதல் குழியில் டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதம். பதினொன்றில் சாறு இல்லாமல் அதே 1 சதவீத டி.எம்.எஸ்.ஓ.வோடு கிருமி, பன்னிரண்டில் வெறும் பிராத். கீழே ஒரு வரிசை ஆம்பிசிலின்; 25922க்கு அதன் எம்.ஐ.சி. மி.லி.க்கு 2 முதல் 8 மைக்ரோகிராமுக்குள் வர வேண்டும்.

கிருமியின் எண்ணிக்கை சரியா என்றும் பாருங்கள். கல்ச்சர் சேர்த்த உடனே பதினோராம் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டரை 10 மி.லி. சலைனில் விட்டு, அதில் 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்புங்கள். மறுநாள் 50 காலனி அளவில் வந்தால் மி.லி.க்கு 5 லட்சம் செல் என்ற கணக்கு பொருந்துகிறது. 500 வந்தால் அந்த எம்.ஐ.சி.யை நம்ப வேண்டாம்.

இலைச் சாறு பச்சையாக இருப்பதால் கண்ணால் படிப்பது சிரமம். ரெசாசுரின் என்ற நீலச் சாயம் சேர்த்தால் உயிருள்ள செல் நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். ஆனால் பாலிஃபினால் நிறைந்த சாறும் தானாகவே நிறத்தை மாற்றக்கூடும். கிருமி இல்லாத சாறு வரிசை ஒன்று இல்லாமல் அந்த நிறத்தை நம்பாதீர்கள். சந்தேகமான குழியிலிருந்து அகாரில் ஒரு சொட்டு வைப்பது இன்னும் பத்திரம். அதே வேலையில் கொல்லும் செறிவும் கிடைக்கும்: எண்ணிக்கை 99.9 சதவீதம் விழுந்தால்தான் 'கொன்றது', மற்றதெல்லாம் 'வளர விடவில்லை'.

வேம்புக்கு 500 வந்து ஆம்பிசிலினுக்கு 4 வந்தால் மனம் தளர வேண்டியதில்லை. ஒன்று நூறு பொருட்கள் கலந்த சாறு, மற்றது சுத்தமான மருந்து. அந்தப் பக்கமும் ஒப்பீடு நியாயமில்லை. ஈ. கோலையின் வெளிச்சவ்வு தாவரப் பொருட்கள் பலவற்றை உள்ளே விடாது. அப்படி வெளிச்சவ்வு இல்லாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவிலும் ஓட்டிப் பாருங்கள், எண் இறங்க வாய்ப்பு அதிகம். இறங்கினால் சாற்றைப் பிரித்து எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று தேடலாம். ரிப்போர்ட்டில் ஆம்பிசிலின் வரிசையை 'கன்ட்ரோல்' என்று மட்டும் எழுதி, இரண்டு எண்களையும் அலகோடு போடுங்கள்.