கருப்பையில் பாலிப் என்றால் கருப்பையையே எடுக்க வேண்டுமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: மாதவிடாய்க்கு இடையிலும் இரத்தம் படுகிறது, ஸ்கேனில் பாலிப் தெரிந்தது, இது புற்றுநோயா, கருப்பையை எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் இரண்டுமே இல்லை, சகோதரி. பாலிப் என்பது கருப்பையின் உட்சவ்வு ஓரிடத்தில் மிகையாக வளர்ந்து, காம்பில் தொங்கும் காய்போல் நீட்டிக்கொண்டிருப்பது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதைத் தூண்டுகிறது. தசையிலிருந்து வளரும் ஃபைப்ராய்டு வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு வீணாகப் பயப்படுகிறார்கள்.

1 செண்டிமீட்டருக்கும் சிறியதாக, தொந்தரவின்றி இருந்தால் தானாகவே மறையக்கூடும். உங்களுக்கோ இரத்தப்போக்கு இருக்கிறது, எனவே அகற்றுவதே சரி. அதற்கு வயிற்றைக் கிழிப்பதில்லை. ஹிஸ்டரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயைப் பிறப்புறுப்பு வழியே செலுத்தி, பார்த்துக்கொண்டே பாலிப்பை வெட்டி எடுப்பார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். பார்க்காமல் வெறுமனே சுரண்டி எடுக்கும் பழைய முறையில் பாலிப் உள்ளேயே தங்கிவிட வாய்ப்புண்டு. ஆகவே எந்த முறை என்று கட்டாயம் கேளுங்கள்.

அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கினால் ஈப்போ பெரிய மருத்துவமனையில் மகப்பேறு நிபுணரைப் பார்க்கலாம். "பால்மரம் வெட்டப் போக வேண்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நம் பெண்கள் தள்ளிப்போட்டு இரத்தசோகையில் தளர்வது எனக்குப் பெரும் வேதனை. ஹீமோகுளோபினையும் சோதித்துவிடுங்கள். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் தாமதிக்கக் கூடாது. அப்போதுதான் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. எடுத்த திசுவை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், அந்த முடிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.