ஆறு வயதுக்கு எந்த ஆலிஸ்?

வணக்கம். ஆறு வயது மகளுக்கு 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' வாங்கினீர்கள், முதல் பதிப்புக்குப் படம் வரைந்த ஜான் டெனியலின் படங்களில் கோமாட்டியின் முகத்தைப் பார்த்துப் பயந்து புத்தகத்தை மூடிவிட்டாள், சுருக்கப் பதிப்பு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கம் வேண்டாம். இந்தக் கதையில் நிகழ்ச்சிகளைவிடப் பேச்சுதான் சுவை. சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான். ஹெலன் ஆக்ஸன்பரி 1999-இல் படம் வரைந்த பதிப்பைத் தேடிப் பாருங்கள். மூல உரை முழுதாக இருக்கும். அதில் ஆலிஸ் கையில்லாத நீல கவுனும் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் போட்ட, பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி இருப்பாள். ஒரு நாளைக்குப் பாதி அத்தியாயம், நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

ஆர்தர் ராக்கம் படம் வரைந்த 1907 பதிப்பு அழகுதான், ஆனால் முறுக்கிய மரங்களும் மங்கிய நிறங்களுமாக இருக்கும். இப்போதைக்கு வேண்டாம்.

டெனியல் பதிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1865-இல் வந்த அந்த 42 படங்களும் உரையோடு பின்னியவை. கதையில் எப்போதும் இளித்துக்கொண்டிருக்கும் செஷயர் பூனை மரத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஒரு தாளில்; அந்தத் தாளைத் திருப்பினால் அதே இடத்தில் அதே மரம், பூனை மறைந்து இளிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்! மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இந்த அமைப்பு போய்விடுகிறது. கதையில் எலி சொல்லும் பாட்டும் அப்படித்தான்: வால்போல் வளைந்து நெளிந்து, கீழே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வர வேண்டும். கடையில் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நேர்வரிகளாக அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள்.