காலி இடத்தில் என்ன இருக்கிறது?

அன்புள்ள அண்ணனுக்கு,

கீழக்கரையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பவுடர் டாய் என்ற கணினி விளையாட்டுக்குள் துகள்களை அடுக்கி ஒரு 16 பிட் கணினி கட்டியிருக்கிறேன், அதில் ஃபில்டர் என்ற வகைத் துகள்கள்தான் நினைவகம். ஒரு மாதமாக அதற்கு ஃபர்ம்வேர், அதாவது அதற்குள்ளேயே தங்கி அதை ஓட்டும் புரோகிராம், எழுதுகிறேன். மெனு, கடிகாரம், பாம்பு விளையாட்டு எல்லாம் சேர்த்து ஆபரேட்டிங் சிஸ்டமாகவே செய்துவிடலாமா? 2048 சொல் (ஒரு சொல் என்பது 16 பிட்) நினைவகம் போதுமா? சில நாள் சேமித்துவிட்டு மறுநாள் திறந்தால் எங்கோ போய் நின்றுவிடுகிறது. வீட்டில் இதனால் வேலை கிடைக்குமா என்கிறார்கள்.

அன்புள்ள தம்பி,

வேலை கிடைக்கும், கிடைக்காமலும் போகும், அதை விடு. மறுநாள் எங்கோ போய் நிற்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தப் பதில். போன வாரம் பரண் ஒதுக்கும்போது பழைய ஈப்ராம் (புரோகிராமை எழுதிவைக்கும் நினைவகச் சில்லு) ஒன்று கைக்கு வந்தது, அன்றிலிருந்து இதே நினைப்புதான்.

நான் படித்த பாலிடெக்னிக்கில் எட்டு 8085 கிட் (இன்டெலின் 8085 சிபியு வைத்த பயிற்சிப் பலகை) உண்டு, ஓடுவது மூன்று. கடல் பக்கத்திலேயே, உப்புக்காற்றில் சில்லுகளின் கால்கள் பச்சை பூத்துக் கிடக்கும். ஈப்ராமின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், வெளிச்சம் படாமல் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஜன்னலோர மேசையில் இருந்த கிட்டில் அந்த ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துபோயிருந்தது. ரீசெட்டை அழுத்து அழுத்து என்று அழுத்துகிறேன், டிஸ்ப்ளே செத்துக் கிடக்கிறது. லேப் அண்ணன் சில்லைக் கழற்றிப் படித்துக் காட்டினார்: எல்லா முகவரியிலும் FF, அதாவது எட்டு பிட்டும் 1. வெயில் அழித்துவிட்டது.

அழிந்தால் சும்மாதானே இருக்க வேண்டும் என்று கேட்டேன். சும்மா இருக்காது தம்பி. 8085க்கு FF ஒரு கட்டளை. திரும்பி வரவேண்டிய முகவரியை ஸ்டாக்கில் (ரேமில் அதற்கென்று வைத்த இடத்தில்) எழுதிவிட்டு 0038க்குத் தாவு என்று அர்த்தம். அங்கே போனால் அங்கேயும் FF. மறுபடி எழுதும், மறுபடி தாவும், ஸ்டாக் கீழே இறங்கி இறங்கி, திரும்பும் முகவரியான 0039ஐ ரேம் முழுக்க 39 00, 39 00 என்று எழுதித் தள்ளிவிடும். வெளியே ஒரு சத்தமும் இருக்காது.

இப்போது உன் கதைக்கு வா. ஃபில்டர் துகளில் 30 பிட் வைக்கலாம், ஆனால் மதிப்பு முழுப் பூஜ்யமானால் விளையாட்டு அதை எழுதப்படாத துகளாக எடுத்துக்கொண்டு வெப்பநிலையைப் பார்த்து நிறம் கொடுத்துவிடும். அதனால்தான் மேல் பிட் ஒன்றை எப்போதும் 1 ஆகவே வைக்கிறார்கள். நீ வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். சரி, அந்த மேல் பிட்டை விட்டு, உன் 16 பிட்டும் பூஜ்யமாக, அதாவது 0000 ஆக, இருக்கிற இடத்துக்கு உன் கணினி ஓடிவந்தால் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாமல் அடுத்த இடத்துக்குப் போ என்றுதான் வைத்திருப்பாய். 8085ம் 00க்கு அப்படித்தான், காலி நினைவகத்தில் பாட்டுக்கு நடந்துபோகும். 1976இல் அந்தச் சில்லு வந்தபோது இன்டெல்காரன் என்னைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்க ஆளே வேண்டாம், சிபியுவும் நீ, ஃபர்ம்வேரும் நீ. 0000க்கு 'நில்' என்று கட்டளை வை. வழி தவறியவன் தவறிய இடத்திலேயே நின்றால்தான் தேடிப் பிடிக்க முடியும். இதைக்கூட யோசிக்காமல் மெனுவுக்கு ஒரு மாதமா? கோபம் வருகிறது.

இன்னொன்று. உன் உலகத்தில் கரண்டு வந்து போவது கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சேமித்தால், பாதிக் கட்டளையில் தூங்கியவன் பாதிக் கட்டளையில் விழிப்பான். ஒரு ஃபிரேமுக்குள், அதாவது விளையாட்டு ஒரு அடி நகர்வதற்குள், எந்தத் துகள் முந்தி, எது பிந்தி என்பது துகளின் வரிசை எண்படி. திரும்பத் திறக்கும்போது அந்த எண்கள் மேல் இடது மூலையிலிருந்து புதிதாக விழும், நேற்று நீ கடைசியாக வைத்த துகள் இன்று முதல் ஆளாகிவிடலாம். ஆகவே கட்டி முடித்ததும் சேமி, திற, அப்புறம் சோதி. ரீசெட் பொத்தான் ஒன்றும் கட்டு, அது ரெஜிஸ்டர்களையும் (சிபியுவுக்குள் இருக்கும் சின்ன நினைவிடங்கள்) ஸ்டாக்கையும் பழசு எதையும் நம்பாமல் புதிதாக வைக்கட்டும்.

பாம்பனில் என் சித்தப்பா நாட்டுப்படகு வைத்திருந்தார். முந்தின நாள் தானே கட்டிய முடிச்சை விடியற்காலையில் அவிழ்த்து மறுபடி கட்டுவார். டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார், நேற்றுத்தானே ஊற்றினோம் என்றால் முறைப்பார். எரிச்சலாக வரும், குளிரில் நிற்பது நான்.

எதையோ சொல்ல வந்து எங்கோ போய்விட்டேன். 2048 சொல் தாராளம். கிட்டில் இருந்த மானிட்டர் புரோகிராம் மாதிரி ஒன்று முதலில் எழுது: முகவரியைக் கேள், இருப்பதைக் காட்டு, மாற்ற விடு, ஓட்டு. பாம்பு அதற்கு மேல் தானாக ஊரும்.

வீட்டில் திட்டினால் திட்டட்டும், செமஸ்டரில் மட்டும் அரியர் வைக்காதே. மெனு படமெல்லாம் அனுப்ப வேண்டாம். 0000க்கு என்ன வைத்தாய் என்று மட்டும் எழுது.