செயற்கைக்கோளால் கடலுக்குள் இருக்கும் மீன் கூட்டத்தைப் பார்க்க முடியுமா?

முடியாது. மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி என்று மீனவர்களுக்கு வரும் தகவலைக் கேள்விப்பட்டு, மேலிருந்து மீனையே பார்த்துச் சொல்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தகவலுக்கு முக்கிய அடிப்படை இரண்டு: தண்ணீரின் நிறம், மேற்பரப்பின் வெப்பம். மீன் இருக்கும் என்பது இவற்றை வைத்துச் செய்யும் கணிப்பு. செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறையைப் படித்த காலத்தில், கடலைக் கண்காணிக்கும் இந்தியச் செயற்கைக்கோளான ஓசன்சாட்-2இன் படங்களோடு பழகியவன் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

கடலில் மிதக்கும் நுண்பாசிகளில் உள்ள பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். எனவே நீலம் குறைந்து பச்சை ஓங்கிய இடத்தில் பாசி அதிகம். கேட்க எளிது. ஆனால் 720 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள உணரிக்கு வந்து சேரும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றுமண்டலம் சிதறடித்தது. அதைக் கழித்தபின் மிஞ்சும் துளி ஒளியில்தான் கடலைப் படிக்க வேண்டும். இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது அந்தக் கழித்தல் கணக்கைத்தான்.

ஐதராபாத்தில் உள்ள, கடல் தகவல்களைத் தரும் அரசு அமைப்பான இன்காய்ஸ் நிறுவனம், பச்சையமும் வெப்பமும் சட்டென்று மாறும் எல்லைகளைத் தேடிக் கண்டுபிடித்து, கரையிலிருந்து திசை, தூரம், ஆழம் ஆகியவற்றைத் தமிழிலும் அறிவிக்கிறது. பாசியைத் தின்னும் சிற்றுயிர்கள் அந்த எல்லைகளில் கூடும். அவற்றைத் தேடி மீன் வரும்.

பாக் விரிகுடா போன்ற ஆழமற்ற கடலில் இந்தக் கணக்கு தடுமாறும். வண்டல் கலந்த நீரும் அடித்தரையும் திருப்பியனுப்பும் ஒளி, பச்சையம்போலவே கணக்கில் ஏறிவிடும். படத்தில் பளிச்சென்று தெரிகிற இடமெல்லாம் வளமான இடமல்ல.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது மேகம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குமரி முதல் கேரளக் கரைவரை அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுகிறது. மத்தி மீன் பெருகுவதற்கு அந்த வளமே ஆதாரம். சரியாக அதே மாதங்களில் வானம் மூடிக்கொள்கிறது! நுண்ணலை உணரிகள் மேகத்தை ஊடுருவி வெப்பத்தை அளக்கும். ஆனால் நிறத்தை அறியா. கரையோரத்தில் நிலத்தின் கதிர்வீச்சும் கலந்து அளவைக் கெடுத்துவிடும். 2022 நவம்பரில் ஏவிய ஓசன்சாட்-3இன் நிற உணரி 13 அலைவரிசைகளில் பார்க்கிறது. மேகத்துக்கு அதனிடமும் வழியில்லை.

ஆகவே, மேகம் மூடி அறிவிப்பு வராத நாளில் கடலில் மீனே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.