கடற்காற்றில் இறுகிய போல்ட்

கேள்வி: 2012இல் வாங்கிய 150 சிசி டர்ட் பைக் ஒன்று நான்கு ஆண்டுகளாக என் வீட்டு வாசலில், தகரக் கூரையின் கீழ் ஓடாமல் நிற்கிறது. புஷ் (இரும்பு உள்குழாயைச் சுற்றி ரப்பர் வைத்த உறை) மாற்றுவதற்காக, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கழற்ற முயன்றபோது நட்டு எளிதாக வந்துவிட்டது. ஸ்விங் ஆர்மைச் சேசிஸோடு (வண்டியின் சட்டத்தோடு) பிணைக்கும் நீண்ட போல்ட் மட்டும் வெளியே வர மறுக்கிறது. பெரிய சுத்தியலால் அடித்ததில் அதன் மரை முனை காளான் போல விரிந்துவிட்டது. கேஸ் வெல்டிங் நெருப்பால் சூடாக்கலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?
- ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: நெருப்பு இப்போதைக்கு வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். போல்ட் எங்கே பிடித்திருக்கிறது என்பதை முதலில் கண்டறியுங்கள். போல்ட்டின் தலையில் ரிங் ஸ்பேனரை மாட்டி மெதுவாகத் திருப்புங்கள். சிறிது திரும்பி, கையை விட்டதும் ஸ்பிரிங் போலப் பழைய இடத்துக்கே வந்தால், போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு, சுற்றியுள்ள ரப்பரை முறுக்குகிறது என்று பொருள். துளியும் அசையாவிட்டால் சேசிஸ் துளையிலும் துரு பிடித்திருக்கக்கூடும். இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கடற்காற்றில் வந்து படியும் உப்போ ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை படாத இடத்திலும் அந்தத் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். கூரை உங்கள் வண்டியைக் காப்பாற்றாததற்கு இதுவே காரணம்.

அடுத்து, விரிந்த முனையை அரத்தால் ராவி, போல்ட்டின் தண்டைவிடச் சற்றுச் சிறிதாக்குங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு அடித்தாலும் அந்தக் காளான் உள்குழாய்க்குள் நுழையாது. (நட்டை முனையோடு சமமாகத் திருகி வைத்துவிட்டு அடித்திருந்தால் மரை பிழைத்திருக்கும், இனி எப்படியும் புதிய போல்ட் வாங்க வேண்டியதுதான்.)

பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றியபின் வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மேல்பக்கத்து இடுக்கில் காலையும் மாலையும் விட்டு, மூன்று நான்கு நாட்கள் பொறுத்திருங்கள். பக்கத்தை மாற்றிப் படுக்க வைத்தும் விடுங்கள். கடைகளில் எளிதில் கிடைக்கும் டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. அது உதவும் என்றாலும், துரு இளக்குவதற்கென்றே விற்கும் எண்ணெய் இந்த வேலைக்கு மேல். ஒவ்வொரு முறையும் போல்ட் தலையைச் சிறிய சுத்தியலால் இருபது முப்பது முறை லேசாகத் தட்டுங்கள், அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரால் தலையை முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். ஸ்பிரிங் போலத் திரும்பி வராமல் போல்ட் தனியாகச் சுழலத் தொடங்கியபின், போல்ட்டைவிடச் சற்று மெலிந்த பித்தளைக் கம்பியை முனையில் வைத்து அடித்தால் அது வெளியேறத் தொடங்கும். சுழலாத போல்ட்டை அடித்தே வெளியேற்ற நினைப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை.

நெருப்பு பற்றி: இஞ்சினின் அலுமினிய உறைக்குள் இறுகிய இரும்பு போல்ட்டுக்குச் சூடு நல்ல மருந்து, ஒரே வெப்பத்தில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளரும். உங்கள் போல்ட்டோ இரும்புக் குழாய்க்குள் இருக்கிறது, சுற்றிலும் ரப்பர். அந்த ரப்பர் எப்படியும் மாறப்போவதுதான் என்றாலும், அது தீப்பற்றிக் கரும்புகை கக்கும். வேறு வழியே இல்லையென்றால் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தொலைவில் வைத்த பிறகே அதைத் தொடங்குங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், சேசிஸுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஹாக்ஸா பிளேடை நுழைத்து, இருபுறமும் போல்ட்டை அறுத்துவிடலாம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆயினும் சேசிஸ் வளைவதைவிட இது மலிவு. எஞ்சிய துண்டை லேத்து பட்டறையின் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துவிடுவார்கள். புதிய போல்ட் கையில் வந்தபிறகே பிளேடை எடுங்கள். அதைப் பூட்டும்போது தண்டு முழுவதும் கிரீஸ் தடவுங்கள். கடலோரத்தில் இருக்கும்வரை ஆண்டுக்கொரு முறை, ஐப்பசி மழைக்கு முன்பாக, உருவி எடுத்துத் துடைத்து மறுபடி கிரீஸ் வையுங்கள்.