மடக்கு சைக்கிளில் கால் வெறுமனே சுற்றுகிறதா?

கேள்வி: கியர் இல்லாத, 20 அங்குலச் சக்கர மடக்கு சைக்கிள் வைத்திருக்கிறேன். முன்னால் செயின்வீலில் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) 16. சமதளத்தில் கொஞ்சம் வேகமெடுத்தாலே பெடல் லேசாகி, கால் பரபரவென்று சுற்றுகிறது. பின்னால் 13 பல் ஃப்ரீவீல் போடலாமா?

பதில்: பின்பக்கத்தை விட்டுவிடுங்கள். ஃப்ரீவீலைத் திருகி மாட்டும் வழக்கமான ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மரை சுமார் 35 மி.மீ. விட்டம் கொண்டது; அதற்கான ஃப்ரீவீல் பொதுவாக 16 பல்லில்தான் தொடங்கும். 13, 14 பல் ஃப்ரீவீலின் மரை 30 மி.மீ. என்பதால் அது உங்கள் ஹப்பில் ஏறாது. முன் செயின்வீலை மாற்றுவதே எளிது.

எத்தனை பல்லுக்குப் போகலாம்? இந்தச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.53 மீட்டர் ஓடும். 44-ஐ 16-ஆல் வகுத்தால் 2.75. ஆக, பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு 4.2 மீட்டர் நகர்கிறீர்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 20 கி.மீ. அதே மிதிக்கு 48 பல் 22 கி.மீ. தரும், 52 பல் 24 தரும். 48 போதும் என்பேன். 52 போட்டால் மிதி 18 சதவீதம் கனக்கும். சிக்னலில் நின்று கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் மாற்றிக்கொள்ள உங்களிடம் வேறு கியர் இல்லை.

வாங்குமுன் செயின்வீல் போல்ட்டில் நிற்கிறதா, ரிவெட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்து போல்ட் இருந்தால், அடுத்தடுத்த இரண்டின் மையங்களுக்கு இடையே அளங்கள்: 76.4 மி.மீ. என்றால் போல்ட்டுகள் 130 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன, 64.7 என்றால் 110; புதுச் செயின்வீலும் அதே அளவில் இருக்க வேண்டும். ரிவெட் அடித்திருந்தால் வலது கிராங்கோடு (பெடலைத் தாங்கும் தண்டு) சேர்த்துத்தான் மாற்ற முடியும். அதைக் கழற்றப் புல்லர் என்ற கருவி வேண்டும். முதலில் கிராங்க் போல்ட்டோடு உள்ளே இருக்கும் வாஷரையும் எடுத்துவிட்டு, புல்லரை மரை முடியும்வரை கையால் திருகுங்கள். வாஷர் உள்ளே தங்கினாலோ, புல்லர் பாதியில் நின்றாலோ, அலுமினிய மரை அப்படியே உரிந்துவரும்.

நான்கு பல் கூடினால் செயினும் 25.4 மி.மீ., அதாவது ஓர் உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் நீள வேண்டும். பழைய செயினில் துண்டு சேர்க்காதீர்கள், புதிதாகவே போடுங்கள். தேய்ந்து நீண்ட செயின் புதுப் பற்களையும் சீக்கிரம் அரித்துவிடும்.

பின் அச்சை நகர்த்தி இழுவிசையைச் சரிசெய்யுங்கள். செயினின் நடுவில் அழுத்தினால் 10 மி.மீ. அளவு மேலும் கீழும் ஆட வேண்டும். செயின்வீல் துல்லியமான வட்டமாக இருப்பது அரிது. அதனால் கிராங்கைச் சுற்றிப் பார்த்து, செயின் மிக இறுகும் இடத்தில் இந்த அளவை வையுங்கள். தளர்ந்த இடத்தில் வைத்தால், இறுகும் இடத்தில் பேரிங் நெரிபடும்.

செயின்வீலின் ஆரம் 8 மி.மீ. கூடுவதால் பிரேம் குழாயிலோ செயின் கார்டிலோ உரசலாம். ஒருமுறை மடக்கியும் பாருங்கள். சில மாடல்களில் மடித்த நிலையில் பற்கள் தரையைத் தொடும். கிராங்க் போல்ட்டை முதல் சில சவாரிகளுக்குப் பிறகு மீண்டும் முடுக்குங்கள்.